வரைவியல் அட்டையின் காய்ச்சலும் வெப்பத் திண்டும்

மலர்க்குழுவினர் விஞ்ஞானச் சார்பான கட்டுரையொன்று வேண்டுமென்று எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது, எழுதுமேசையில் அக்கடிதத்தை வைப்பதற்கும் இடமிருக்கவில்லை. கணனியொன்றின் உள்ளுறுப்புகள் மேசை முழுவதும் பரவிக் கிடந்தன. பொருளைத் தேடி வேறிடம் போவானேன் என்று கண்முன் கிடந்ததையே எழுதத் துணிந்தேன். கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலே, செப்புக்கோலின் ஒருமுனையை நீராவியாற் சூடாக்கி மறுமுனையை நீராற் குளிரச்செய்து, நான்கு வெப்பமானிகளையும் மாறிமாறிப் பார்த்துக் களைத்த நாள்களை மறவாத அன்பர்களுக்கு, இக்கட்டுரையிற் புதிய விதி ஒன்றும் இல்லை. பழைய விதியைப் புதிய இடத்திற் காண்பார்கள், அவ்வளவே.

என் தமக்கையாரின் மகன் இக்கல்லூரியிற் பயின்று, இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவனாக இருக்கிறான். நெற்பயிரின் இலைகளைப் படம் பிடித்து, அப்படத்தைக் கொண்டே இன்ன நோய் என்று கணனி அறிந்து சொல்லுமாறு அதனைப் பயிற்றுவது அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு. இதற்குச் சாதாரணக் கணனி போதாது. கிராபிக்ஸ் கார்ட் என எல்லோரும் சொல்லும் வரைவியல் அட்டை, அதிலும் நினைவகம் மிகுந்த அட்டை, வேண்டும். புதியதை வாங்க வசதியில்லை. தாயாரின் சீட்டுப் பணமும் தன் சேமிப்பும் சேர்த்து, முன்பொருவர் பாவித்த 24 கிகாபைற்று அட்டையொன்றை வாங்கினான். ஆய்வை ஒப்படைக்க ஆறு வாரமே இருந்தபோது அதனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, தொடங்கினவுடன் நல்லாய் ஓடுது. பத்து நிமிடத்தில் அரைவாசி வேகத்துக்கு வந்துவிடுது. விசிறி மட்டும் உலை ஊதுகிறமாதிரிச் சத்தம் போடுது," என்றான்.

கணனிகளோடு பழகாத மூத்த அன்பர்களுக்காக இவ்வட்டையின் அமைப்பை இரண்டு வார்த்தையிற் சொல்லிவிடுகிறேன், இளையோர் பொறுத்தருள்க. ஒரு மின்சுற்றுப் பலகையின் நடுவிலே கணக்குப் பார்க்கும் தலைமைச் சிப் இருக்கிறது. அதனைச் சூழ, கணக்கிற்கு வேண்டிய எண்களைத் தாங்கி நிற்கும் நினைவகச் சிப்புகள் இருக்கின்றன. இவையனைத்தின் மீதும் செப்பும் அலுமினியமும் கொண்ட பெரிய குளிராக்கி ஒன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டு, அதன்மேல் இரண்டு மூன்று விசிறிகள் சுழல்கின்றன. பலகையின் பின்புறத்தை ஓர் உலோகத் தகடு மூடியிருக்கும்.

தலைமைச் சிப்புக்கும் குளிராக்கிக்கும் இடையே மெல்லியதாக ஒரு களிம்பு பூசப்படுகிறது. நினைவகச் சிப்புகளுக்கு அது போதாது. அவை தலைமைச் சிப்பின் உயரத்தில் இருப்பதில்லை. ஒன்றுக்கொன்றும் இம்மி வேறுபடும். ஆதலால் அவற்றுக்கும் குளிராக்கிக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்ப, அழுத்தினால் நசியும் மென்மையான துண்டுகளை வைக்கிறார்கள். கடைகளில் தெர்மல் பாட் என்று கேட்டால் தருவார்கள். இங்கே அதனை வெப்பத் திண்டு என்பேன். சிலிக்கோன் என்னும் இறப்பர்போன்ற பொருளிலே அலுமினியம் ஒட்சைட்டு முதலிய வெப்பங்கடத்தும் பொடிகளைக் கலந்து செய்யப்படுவது அது.

நிற்க. நினைவகம் ஏன் இவ்வளவு கொதிக்க வேண்டும்? முன்னைய நினைவகங்களில் ஒரு கம்பியில் ஒரு துடிப்புக்கு இரண்டு மின்னழுத்த நிலைகளே இருந்தன. உண்டு அல்லது இல்லை என்பதே செய்தி. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆர்.ரி.எக்ஸ். 3080, 3090 ஆகிய அட்டைகளோடு வெளிவந்த ஜீ.டீ.டீ.ஆர். 6 எக்ஸ் என்னும் நினைவகத்தில் நான்கு நிலைகள் வைத்தார்கள். அதனால் ஒரு துடிப்பில் இரண்டு செய்திகள் செல்கின்றன. 3090 அட்டையில் இவ்வாறு ஒரு செக்கனுக்கு 936 கிகாபைற்று போய்வரலாம். வேகத்தின் விலையாக வெப்பம் வந்தது. மேலும் 24 கிகாபைற்றை நிரப்ப ஒரு கிகாபைற்றுச் சிப்புகள் 24 தேவைப்பட்டமையால், 12ஐப் பலகையின் முன்புறத்திலும் 12ஐப் பின்புறத்திலும் வைத்தார்கள். முன்புறத்தவைக்கு விசிறியின் காற்று உண்டு. பின்புறத்தவையோ வெறுந்தகட்டையே நம்பியிருக்கின்றன.

இவ்வெப்பத்தைப் பலர் அறியவுமில்லை. தலைமைச் சிப்பின் வெப்பநிலையைத் திரையிற் காட்டும் நிரல்கள் நெடுங்காலமாக இருந்தன. இந்நினைவகத்தின் உள்வெப்பநிலையை எச்.டபிள்யூ.இன்ஃபோ என்னும் நிரல் காட்டத் தொடங்கியது 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். அதன் பின்னரே, 65 பாகையில் சுகமாக இருக்கிறது என்று எண்ணிய அட்டையின் மறுபுறம் 100 பாகையைத் தாண்டி நிற்பதைப் பலர் கண்டு திடுக்கிட்டார்கள். (பாகையெல்லாம் இங்கே செல்சியஸ் அளவையே.) 110 பாகையை எட்டியதும் அட்டை தன்னைத் தானே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. என் மருமகன் கண்டது அதுவே. எதீரியம் என்னும் மின்நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டும் தொழிலில் நினைவகமே இரவுபகலாக உழைக்க வேண்டியிருந்தது. 2022 செப்டெம்பர் 15இல் அம்முறை கைவிடப்பட்டதும், அவ்வாறு உழைத்து ஓய்ந்த அட்டைகள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்தன. எங்கள் அட்டையின் பூர்வீகமும் அதுவாகவே இருக்கக்கூடும்.

நோயைக் கண்டறிய மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைமைச் சிப்பின் பொது வெப்பநிலை ஒன்று. அச்சிப்பிலே மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலை மற்றொன்று. நினைவகத்தின் உள்வெப்பநிலை மூன்றாவது. மூன்றும் ஒருங்கே உயர்ந்தால் தூசியோ, விசிறியோ, பெட்டிக்குள் காற்றோட்டமின்மையோ காரணம். முதலிரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 20, 25 பாகையைத் தாண்டினாற் களிம்பு உலர்ந்துவிட்டது, அல்லது குளிராக்கி நேராக அமரவில்லை. முதலிரண்டும் ஒழுங்காக இருக்க மூன்றாவது மட்டும் ஏறினால் திண்டைச் சந்தேகிக்கலாம். எங்கள் அட்டையில் 68, 80, 110 என்று நின்றன. அறையின் வெப்பநிலை 32. இந்தக் கடைசி எண்ணையும் குறித்துக்கொள்வது நன்று. குளிர்நாட்டில் இருப்பவர் 20 பாகை அறையில் எடுத்து எழுதும் அளவுகளோடு நம் சித்திரை வெயிலின் அளவுகளை ஒப்பிட்டுக் கவலைப்படுவோர் உளர். அறை ஏறிய அளவுக்கு அட்டையும் ஏறத்தான் செய்யும்.

திருப்புளியை எடுக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றித் தூசியை ஊதினோம். விசிறியை முழுவேகத்தில் விட்டோம். நினைவகம் 107இல் நின்றது. அட்டை உண்ணும் வலுவை 350 உவாற்றிலிருந்து 280க்குக் குறைத்தோம்; வேகத்தில் இழந்தது சிறிது, நினைவகம் 102க்கு வந்தது. பலருக்கு இவ்வளவே போதும். உத்தரவாதக் காலம் முடியாத அட்டையை உடையவர் இதோடு நிறுத்தி, விற்றவரிடமே கொண்டுபோவது புத்தி. தாமே திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம். திரையிற் புள்ளிகளும் கோடுகளும் முன்னரே தோன்றத் தொடங்கியிருப்பின் நினைவகச் சிப்பே பழுதுபட்டிருக்கலாம். அதனைத் திண்டு மாற்றித் தீர்க்க முடியாது. எங்கள் அட்டைக்கு உத்தரவாதமும் இல்லை, புள்ளிகளும் இல்லை. திறந்தோம்.

உள்ளே திண்டுகள் காய்ந்து, ஓரங்கள் உதிர்ந்து, சிலிக்கோன் எண்ணெய் பலகையிற் கசிந்திருந்தது. ஆனால் என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. நன்றாக அழுந்திய திண்டில் சிப்பின் நீள்சதுரம் முத்திரை குத்தியதுபோலப் பதிந்திருக்கும். பின்புறத் திண்டுகளில் மூன்றில் அம்முத்திரையே இல்லை. அவை சிப்பைத் தொடாமலே இருந்திருக்கின்றன.

இவ்விடத்திற் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். திண்டுகளின் உறையில் மீற்றருக்கு கெல்வினுக்கு 3 உவாற்று, 6 உவாற்று, 12 உவாற்று என்று கடத்துதிறன் அச்சிடப்பட்டிருக்கும்; விலையும் அதற்கேற்ப ஏறும். 1822ஆம் ஆண்டில் யோசப் பூரியே வெளியிட்ட வெப்பக் கொள்கை நூலின்படி, ஒரு பொருளினூடாக ஓடும் வெப்பம் அதன் பரப்புக்கும் இருபுற வெப்பநிலை வித்தியாசத்துக்கும் நேர்விகிதமாகவும், தடிப்புக்கு நேர்மாறாகவும் இருக்கும். சிப்பின் முகம் 14 மில்லிமீற்றர் நீளம், 12 மில்லிமீற்றர் அகலம். பரப்பு 168 சதுர மில்லிமீற்றர். ஒரு சிப் 2.5 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 3 என்று குறித்த மலிவான திண்டினூடாக இவ்வெப்பம் ஓட ஏறத்தாழ 10 பாகை வித்தியாசம் வேண்டும். 6 என்று குறித்ததற்கு 5 பாகை. மிக விலைகூடிய 12 என்று குறித்ததற்கு இரண்டரைப் பாகை. ஆகவே மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் உள்ள வேற்றுமை ஏழரைப் பாகைதான்.

இனித் திண்டுக்கும் சிப்புக்கும் இடையே 0.1 மில்லிமீற்றர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அன்பர்கள் கையிற் பிடித்திருக்கும் இம்மலரின் ஒரு தாளின் தடிப்பு ஏறக்குறைய அவ்வளவு. காற்றின் கடத்துதிறன் 0.026. செப்பு இதனிலும் ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அதே கணக்கைப் போட்டால் அந்தத் தாளளவு காற்றைக் கடக்க மட்டும் 57 பாகை வேண்டும்! உண்மையில் வெப்பத்தின் ஒரு பங்கு பலகை வழியாகவும் தப்பியோடுமாதலால் அவ்வளவு ஏறாது. எனினும் விகிதத்தைப் பாருங்கள். உறையில் அச்சிட்ட எண்ணைப் பெரிதாக்க நாம் கொடுக்கும் பணமெல்லாம், ஒரு தாள் தடிப்புக் காற்று உள்ளே புகுந்தால் வீணாகிவிடுகிறது. திண்டின் சிறப்பைவிடத் திண்டின் தொடுகையே பெரிது.

இதை அறிந்தபின்னும் நான் தவறு செய்தேன் என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். தொடுகைதானே வேண்டும், தடிப்பாக இருந்தாற் கட்டாயம் தொடும் என்று எண்ணி, 12 என்று குறித்த 2 மில்லிமீற்றர்த் திண்டைக் கொழும்பிலிருந்து தபாலில் வருவித்து, முன்னும் பின்னும் அதனையே வைத்து, திருகாணிகளை இறுக்கினேன். பூட்டி ஓட்டியபோது நினைவகம் 86க்கு இறங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மருமகன் மற்ற இரு எண்களைச் சுட்டினான். தலைமைச் சிப் 84. அதன் சூடான புள்ளி 104.

"மாமா, காலிலிருந்த காய்ச்சலைத் தலைக்கு ஏற்றிவிட்டீர்கள்," என்றான்.

நடந்தது இதுதான். பொடி மிகுதியாகச் சேர்ந்த உயர்ந்த திண்டுகள் பல கடினமானவை, எளிதில் நசியா. முன்புறத்தில் வேண்டிய வெளியோ 2 மில்லிமீற்றருக்குக் குறைவு. நசியாத திண்டுகள் சுற்றிவர நின்று குளிராக்கியைத் தூக்கிப் பிடித்தன. நடுவிலிருந்த தலைமைச் சிப்பைக் குளிராக்கி சரியாக அழுத்தவில்லை. நினைவகச் சிப்புகள் ஒவ்வொன்றும் ஓரிரண்டு உவாற்றோடு மல்லாட, தலைமைச் சிப்போ கையகலப் பரப்பும் இல்லாத இடத்தில் 200 உவாற்றுக்கு மேல் கக்குகிறது. அங்கே மயிரிழை வெளியும் பொறுக்க முடியாதது. அன்று அவன் எண்ணைப் பாராதிருந்தால், நினைவகத்தைக் காப்பாற்றப்போய் அட்டையையே இழந்திருப்போம். ஒப்படைக்க அப்போது நான்கு வாரம் இருந்தது.

ஆதலால் மறுபடி திறந்து, இம்முறை அளந்தோம். சுருக்கமான வழி ஒன்று உண்டு. சிறுவர் விளையாடும் பிளாஸ்ரிசின் சிறு உருண்டைகளை மெல்லிய பொலித்தீனிற் பொதிந்து நினைவகச் சிப்புகளின் மேல் வைத்து, தலைமைச் சிப்பிற் களிம்பு பூசிக் குளிராக்கியை வழக்கம்போல இறுக்கி, மீண்டும் கழற்றினால், நசிந்த உருண்டையின் தடிப்பே அங்குள்ள வெளி. அதனை வேணியர் இடுக்கிமானியால் மெதுவாக அளந்தோம். அந்தக் கருவியைக் கல்லூரியை விட்டபின் நான் தொட்டது அதுவே முதன்முறை. முன்புறம் 1.3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, பின்புறம் 1.8 அளவில். முன்புறத்துக்கு 1.5, பின்புறத்துக்கு 2 என்று முடிவுசெய்து, 6 என்று மட்டுமே குறித்த, ஆனால் விரலால் அழுத்தினாற் குழியும் மென்மையான திண்டை வாங்கினோம். இவ்வெண்களை எவரும் அப்படியே எடுத்தாளக்கூடாது. ஒரே பெயருள்ள அட்டையிலும், செய்தவர் வேறானால் வெளியும் வேறு. அளக்க மனமில்லாதார்க்கு, பிசைந்த மாவைப் போன்ற வெப்பங்கடத்தும் பொருளொன்று குப்பியில் விற்கப்படுகிறது. வேண்டிய அளவுக்குத் தானே நசிந்துகொடுக்கும். துடைத்தெடுப்பதுதான் பெரும்பாடு.

வேலையிலே கவனிக்க வேண்டியவை மிகச் சிலவே. மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கியபின் அட்டையை எடுக்கவேண்டும். குளிராக்கியை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. விசிறிகளுக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள் உள்ளே பலகையிற் செருகப்பட்டிருக்கும். பழைய களிம்பு இறுகியிருந்தால், அட்டையைச் சிலநிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் இணைப்பை நீக்கிக் கழற்றினால் இலகுவாக வரும். எந்தத் துண்டு எந்த இடத்தில் இருந்தது என்று படம் பிடித்து வைப்பது உதவும். நினைவகத்துக்கு மட்டுமன்றி வலுவை ஒழுங்குசெய்யும் உறுப்புகளுக்கும் திண்டுகள் உண்டு, அவற்றின் தடிப்பு வேறாகலாம். கசிந்த எண்ணெயையும் பழைய களிம்பையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த துணியால் துடைக்கவேண்டும். திருகாணிகளைக் கட்டில் கட்டுவதுபோல எதிரெதிர் மூலையாகச் சிறிதுசிறிதாக இறுக்கவேண்டும். புதிய திண்டின் இருபுறமும் பிளாஸ்ரிக்குத் தாள் ஒட்டியிருக்கும். இருபுறத்தையும் உரித்தல் வேண்டும். இதை எழுதுவதற்கு எனக்கு நாணமாயிருக்கிறது. ஆனால் ஒருபுறத்தை மறப்போர் என்னைப்போல வேறு பலரும் உளர் என அறிகிறேன்.

இரண்டாம் முறை பூட்டி ஓட்டியபோது தலைமைச் சிப் 66, சூடான புள்ளி 78, நினைவகம் 88. முதன்முறையைவிட நினைவகம் இரண்டு பாகை கூட. திண்டின் விலையோ பாதி. அறை அன்று 33. உடனே நம்பிவிடாமல் இரவு முழுவதும் ஓட்டினோம். நினைவகம் 90க்கு மேற் போகவில்லை, வேகமும் குறையவில்லை. இன்னொன்றையும் அன்று கவனித்தோம். 90க்கு மேல் ஏறாத நிலையில் நினைவகத்தின் வேகத்தைக் கையால் உயர்த்திப் பார்க்க மருமகன் ஆசைப்பட்டான். உயர்த்த உயர்த்த வேலை விரைவதற்குப் பதிலாக மந்தமாயிற்று. இவ்வகை நினைவகம், செய்தி பிழையாக வந்தால் தானே கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் சொல்லும். பிழை மலிந்தால் அட்டை நின்றுவிடாது. மறுபடி மறுபடி கேட்டே பொழுதைக் கழிக்கும். வெளியே பார்ப்பவருக்குக் குற்றம் ஒன்றும் தெரியாது. பழைய அளவுக்கே திருப்பி விட்டோம்.

பெட்டியை மூடுமுன் மருமகன் ஒரு சிறு தாளில், திறந்த திகதி, முன்புறம் 1.5, பின்புறம் 2, மென்மையானது, அறை 33இல் நினைவகம் 88 என்று எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினான். விலைகூடிய அந்த 2 மில்லிமீற்றர்த் திண்டில் மிஞ்சிய துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையிற் கிடக்கிறது. 2 மில்லிமீற்றர் வெளியுள்ள அட்டை எவரிடமேனும் இருப்பின் தாராளமாக வந்து பெற்றுக்கொள்ளலாம்.